பஸ் என்ற வார்த்தைக்கு அர்த்தம் சொன்னவர்

டிரைவர் இருந்தார். எனக்கு அவர் முதுகுதான் தெரியும்.

கண்டக்டர் ராசு இருந்தான். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரன்.

துறையூர் மண்டிக்காரர் இருந்தார். அவருடைய உப்பு மூட்டைகளும் மண்ணெண்ணெய் டின்களும் இருந்தன. கையில் குடை.

ஸ்ரீரங்கத்து ஐயா ஒருவர் இருந்தார். நாமம், கோட்டு, மூக்குக் கண்ணாடி. இங்கிலீஷ் வாத்தியார் என்று பின்னால் தெரிந்தது.

அவர் சம்சாரம் இருந்தார். மடியில் வாழை இலையில் கட்டிய துளசி மாலை.

வெற்றிலைக் கூடைக்காரிகள் இருந்தார்கள். கோர்ட்டுக்கு வந்து திரும்புகிறவர்கள் இருந்தார்கள். முகம் ஞாபகம் இல்லை.

என் புருஷன் இருந்தார். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்பார்கள். எழுதலாம் அல்லவா. மருதன். வலது காலில் பாதத்திலிருந்து தொடை வரைக்கும் மாவுக்கட்டு.

நான் இருந்தேன்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து துறையூர் போகிற பஸ். நாங்கள் இறங்க வேண்டியது திருவெள்ளறை. மத்தியான வெயில்.

போன வாரம் கிணறு வெட்டுகிற வேலையைப் பற்றி எழுதினேன். வடக்கயிறு அறுந்து அவர் பாறையில் விழுந்ததோடு நிறுத்தினேன். பிறகு கால் சரியானதா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள்.

சரியாகவில்லை. கிணறு காலை ஒடித்தது. கோணலாக்கியது பஸ். அதை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

துண்டு

பெரியாஸ்பத்திரியில் கட்டுப் போட்டவர் நல்ல மனுஷன். ஆனால் கட்டில் இல்லை. வராந்தாவிலும் இடம் இல்லை. ஊருக்குக் கூட்டிப் போ என்று சொல்லிவிட்டார்கள்.

கட்டு முழுசாகக் காயவில்லை. தொட்டால் சில்லென்று ஈரமாக இருந்தது. சுண்ணாம்பு மாதிரி வாசனை.

"இந்தாம்மா, நல்லாக் கேட்டுக்க," என்றார் கட்டுப் போட்டவர். "காலைக் கீழ ஊணக் கூடாது. உக்கார வச்சு, காலை நீட்டி வச்சுக் கூட்டிப் போ. ஊணினா கட்டு வெடிச்சிரும். உள்ள எலும்பு விலகிரும். அப்புறம் கோணலாத்தான் கூடும்."

"உக்கார வச்சுத்தான் கூட்டிப் போவேங்க," என்றேன்.

எனக்கு ஒன்றும் பயம் இல்லை. டிக்கெட்டுக்குக் காசு இருந்தது. இடம் பிடிக்கவும் வழி தெரியும்.

சத்திரத்தில் பஸ் வந்து நின்றதும் என்ன நடக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படிக்கட்டில் ஏறி இடம் பிடிக்கிறவன் ஏமாளி. சன்னல் வழியாகத் துண்டு போடுவார்கள். துண்டு விழுந்த இடம் துண்டுக்காரனுக்கு. அவன் போய் நிதானமாகக் காப்பி குடித்து, வெற்றிலை போட்டுத் திரும்பி வரலாம். யாரும் உட்கார மாட்டார்கள். பெரிய மனுஷன் வந்தாலும், "யாரோ துண்டு போட்டிருக்காங்க" என்று தள்ளிப் போய்விடுவார். துண்டு பட்டா, அழுக்கா, கிழிசலா என்று பார்ப்பதில்லை.

நான் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எங்கள் ஆட்கள் யாரும் துண்டு போட்டு நான் பார்த்ததில்லை. பின்னால் நின்றுகொண்டோ, மூட்டைக்கு நடுவில் குந்திக்கொண்டோ வருவோம். அதற்கும் முழு டிக்கெட்தான்.

அன்றைக்கு நான் துண்டு போட்டேன். என் புருஷன் தோளில் கிடந்த துண்டை உருவி, வாசலுக்குப் பக்கத்துச் சீட்டில் போட்டேன். அங்கேதான் காலை நீட்ட இடம் இருந்தது.

சட்டம் வந்துவிட்டது, இனி யாரும் யாரையும் ஒதுக்கக் கூடாது என்று எங்கள் தெருவுக்கு வந்து மைக் வைத்துப் பேசிவிட்டுப் போயிருந்தார்கள். நான் சட்டத்தை நம்பவில்லை. துண்டை நம்பினேன்.

கரி பஸ்

நடுவில் ஒன்று சொல்ல வேண்டும்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது சண்டைக் காலம். பெட்ரோல் கிடையாது. பஸ்ஸுக்குப் பின்னால் அடுப்பு மாதிரி ஒரு டப்பா இருக்கும். கரி போட்டு, துருத்தியைச் சுற்றி ஊதுவார்கள். அந்தப் புகையில் பஸ் ஓடும். ஓடும் என்று பெயர். எங்கள் ஊர் மேட்டில் ஏறாது. அங்கே வந்து உறுமிக்கொண்டு நிற்கும்.

கண்டக்டர் இறங்கி வயல் பக்கம் பார்த்துக் கூப்பிடுவான். "ஏ, வாங்கடா! கை குடுங்கடா!"

எங்கள் அப்பா, சித்தப்பா, மருதனின் அண்ணன், எல்லோரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். இறங்கி நின்ற பிரயாணிகளில் திடமானவர்களும் சேர்ந்து தள்ளுவார்கள். தோளோடு தோள் ஒட்டும். வேர்வை ஒட்டும். அப்போது யாரும் தள்ளி நில் என்று சொன்னதில்லை.

மேடு ஏறியதும் பிரயாணிகள் ஏறிக்கொள்வார்கள். எங்கள் ஆட்கள் வயலுக்குத் திரும்புவார்கள். கையெல்லாம் கரி. வாய்க்காலில் கழுவினாலும் போகாது.

பஸ்ஸைத் தள்ள எங்களுக்கு எந்தத் தடையும் இருந்ததில்லை. அதைச் சொல்லத்தான் இதைச் சொன்னேன்.

அர்த்தம்

பஸ் புறப்பட நேரம் இருந்தது. நான் அவரைப் பஸ்ஸின் மேல் சாய்த்து நிறுத்தியிருந்தேன். ஒரு கை என் தோளில். ஒரு காலில் நின்றார்.

எங்கள் தலைக்கு மேலே இருந்த சன்னலில் ஸ்ரீரங்கத்து ஐயா. மண்டிக்காரர் கீழே நின்று மூட்டை ஏற்றச் சொல்லிக்கொண்டே அவரிடம் பேச்சுக் கொடுத்தார்.

"சாமி எங்க, தொறையூருக்கா?"

"இல்லை, திருவெள்ளறை. புண்டரீகாக்ஷப் பெருமாளைச் சேவிச்சு ரொம்ப நாளாச்சு. பஸ் இருக்கோ, போறோம். இல்லேன்னா வண்டி கட்டிண்டு என்னிக்குப் போறது?"

"ஆமாங்க. வெள்ளைக்காரன் போனாலும் பஸ்ஸை விட்டுட்டுப் போனானே."

"அவன் வார்த்தைன்னா நெனைக்கறீர்? இல்லை ஓய். பஸ்ஸுன்னு ஒரு வார்த்தையே கெடையாது, தெரியுமோ?"

மண்டிக்காரர் சிரித்தார். "இம்மாம் பெரிசா முன்னாடி நிக்குது. இல்லைங்கிறீங்களே!"

ஐயாவுக்குக் குஷி வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஓம்னிபஸ். அதுதான் முழு வார்த்தை. லத்தீன் பாஷை. எல்லோருக்கும்னு அர்த்தம். பிரான்ஸ் தேசத்துல பெரிய குதிரை வண்டி விட்டா. பிரபு, ஏழைன்னு பேதம் இல்லை. காசு குடுத்தா யார் வேணா ஏறலாம். அதனாலே அந்தப் பேர். இங்கிலீஷ்காரன் சோம்பேறி. அத்தனை நீளம் சொல்லுவானேன்னு தலையை வெட்டிட்டு வாலை மட்டும் வெச்சுண்டான். பஸ்!"

"எல்லாருக்கும்னா எதுக்கு சாமி டிக்கெட்டு? இந்த ராசு பய என்கிட்ட மூட்டைக்குக்கூட வாங்குறான்."

"மூட்டையும் எல்லோர்லே சேர்த்தின்னு நெனைச்சுட்டான் போலிருக்கு!"

பஸ்ஸுக்குள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் புருஷன்கூடச் சிரித்தார்.

எனக்கு அந்த வார்த்தை பிடித்துப் போயிற்று. நான் இரண்டாம் கிளாஸ் வரைக்கும் போனவள். எழுத்துக் கூட்டத் தெரியும். இத்தனை நாள் நாம் பின்னால் நின்று வந்த வண்டிக்குப் பெயர் எல்லோருக்கும் என்பதா என்று நினைத்தேன். படித்தவர் ஒருவர் சத்தமாகச் சொல்கிறார். எல்லோரும் கேட்டுத் தலையாட்டுகிறார்கள். நல்ல நாளில்தான் துண்டு போட்டிருக்கிறோம் என்று தோன்றியது.

குடை நுனி

மண்டிக்காரர் ஏறினார். வாசலுக்குப் பக்கத்துச் சீட்டுக்கு வந்தார். துண்டைப் பார்த்தார். சட்டென்று நின்றார்.

"அட, யாரோ போட்டிருக்காங்க," என்று அடுத்த சீட்டுக்குத் திரும்பினார். வழக்கம் அதுதான். அவரும் வழக்கப்படிதான் நடந்தார். அப்புறம் சும்மா கேட்டார்: "யார் துண்டுங்க இது?"

நான் என் புருஷனைப் படியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். "எங்க துண்டுங்க," என்றேன்.

மண்டிக்காரர் என்னைப் பார்த்தார். கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். ராசுவைப் பார்த்தார்.

"எந்த ஊருடா இதுங்க?"

ராசு எங்கள் ஊரைச் சொன்னான். தெருவையும் சொன்னான்.

மண்டிக்காரர் குடையை நீட்டினார். குடை நுனியைத் துண்டுக்கு அடியில் விட்டார். செத்த பாம்பைத் தூக்குவது மாதிரித் தூக்கினார். சன்னல் வழியாக வெளியே போட்டார். பிறகு அந்தச் சீட்டில் தானே உட்கார்ந்தார்.

"ஐயா, கால் ஒடிஞ்சிருக்குங்க. ஊணக் கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க," என்றேன்.

"கால் ஒடிஞ்சா வண்டி கட்டிப் போகணும். பஸ்ஸுல வந்து சட்டம் பேசக் கூடாது."

"நான் சட்டம் பேசலைங்க. துண்டு போட்டிருந்தேன்."

"துண்டு போடுற அளவுக்கு வந்தாச்சா!" யாரோ பின்னால் சிரித்தார்கள்.

ராசு என் பக்கம் குனிந்தான். "செல்லாயி, எதுக்கு வம்பு? முதலாளி காதுக்குப் போனா என் வேலை போயிரும். பின்னாடி போய்க் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நில்லுங்க. தோ, கொஞ்ச தூரம்."

பின்னால் குந்தவும் முடியாது. உப்பு மூட்டையும் டின்னும் நிறைந்திருந்தது. நீட்டின காலுக்கு அங்கே இடம் ஏது?

அப்போதுதான் ஐயாவைப் பார்த்தேன். முன்னால் மூன்று பேர் உட்காரும் சீட்டில் அவரும் சம்சாரமும் மட்டும் இருந்தார்கள்.

"சாமி," என்றேன். "எல்லாருக்கும்னு சொன்னீங்களே. நீங்க சொன்னாக் கேப்பாங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க."

பேசிக்கொண்டிருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

ஐயா முகம் சிவந்தது. "நான் என்னம்மா பண்றது? பஸ் என்னுதா?" என்றார். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே தரையில் எங்கள் துண்டு கிடந்தது. அதைத்தான் அவர் பார்த்திருக்க வேண்டும். வேறு ஒன்றும் அந்தப் பக்கம் இல்லை.

அவர் சம்சாரம் மெதுவாகக் கேட்டார். "ஏன்னா, நான் நகர்ந்துக்கறேனே. கட்டு ஈரமா இருக்கு, பாருங்கோ."

நகரவும் செய்தார். துளசி மாலையை மடியோடு அணைத்துக்கொண்டு ஒரு சாண் நகர்ந்தார். ஐயா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சும்மா இரு. நமக்கெதுக்கு ரகளை?"

அந்த அம்மா மறுபடி பழைய இடத்துக்கு வந்தார்.

நான் இறங்கித் துண்டை எடுத்து உதறினேன். ஏறினேன். ராசு விசில் கொடுத்தான். டிக்கெட்டைக் கையில் தரவில்லை. டின் மேல் வைத்தான். எப்போதும் அப்படித்தான்.

ஒத்தைக் கால்

காவிரிப் பாலம் வரைக்கும் தாங்கினார். கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நான் இடுப்பைச் சேர்த்துப் பிடித்திருந்தேன்.

"செல்லாயி," என்றார்.

"என்னாங்க?"

"ஒத்தைக் கால்லதான நிக்கிறேன். ராசுவை அரை டிக்கெட்டு போடச் சொல்லு."

அப்படிப்பட்டவர். வலித்தால்தான் இப்படிப் பேசுவார்.

கொள்ளிடம் தாண்டி டோல்கேட்டில் நிறையப் பேர் இறங்கினார்கள். வெற்றிலைக்காரிகள் இறங்கினார்கள். கோர்ட்டுக்காரர்கள் இறங்கினார்கள். யாரும் ஏறவில்லை. நான் ராசுவைப் பார்த்தேன். ராசு மண்டிக்காரரைப் பார்த்தான். அவர் கண்ணை மூடியிருந்தார். பக்கத்துச் சீட்டில் காலைத் தூக்கி வைத்திருந்தார். அவர் காலுக்கு ஒன்றும் இல்லை.

உட்கார வைத்திருக்கலாமே என்று இப்போது கேட்பீர்கள். என் மகளும் கேட்கிறாள். உட்கார வைத்திருந்தால் வழியில் இறக்கிவிடுவார்கள். பொட்டல் காடு. காயாத கட்டோடு அவரை நான் எப்படித் தூக்கிப் போவேன்? கணக்குப் போட்டுத்தான் நின்றேன்.

மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலைகளில் நெல் வேகிற வாசனை வந்தது. அதைத் தாண்டியதும் ரோட்டில் மாடு குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக் போட்டார். மருதன் கை நழுவியது. என்னால் தாங்க முடியவில்லை. கால் ஊன்றிவிட்டது.

சத்தம் பெரிதாக இல்லை. அப்பளம் நொறுங்குகிற மாதிரி.

அவர் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "போச்சு," என்றார்.

திருவெள்ளறையில் நாங்கள் இறங்கினோம். ஐயாவும் சம்சாரமும் அங்கேதான் இறங்கினார்கள். அந்த அம்மா வெடித்த கட்டைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார். ஐயா கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வாரம் ஆயிற்று. தெருவில் எல்லோரும் சேர்ந்து ஒரு வண்டி பிடித்துக் கொடுத்தார்கள். எலும்பு விலகிக் கூட ஆரம்பித்துவிட்டது, உடைத்து வைக்க வேண்டும் என்றார்கள். அவர் மாட்டேன் என்றுவிட்டார்.

அவர் பிறகு கிணற்றில் இறங்கவே இல்லை. சுற்று வட்டாரத்தில் அவரைப் போலப் பாறை பார்த்து ஊற்றுச் சொல்ல ஆள் கிடையாது. வீட்டு வாசலில் உட்கார்ந்து கயிறு திரித்தார். நான் சித்தாள் வேலைக்குப் போனேன். மாமியார் வீட்டுக்கு வந்தவள், கடைசி வரைக்கும் கல் சுமந்தேன்.

மண்டிக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அது தேள் கொட்டின கோபம் மாதிரி. தேள் கொட்டும். ராசு மேலும் கோபம்தான். அவன் பிழைப்பு அவனுக்கு.

ஐயா மேல் இருக்கிற கோபம் வேறே. என் மகள் ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோது அகராதியில் அந்த வார்த்தையைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். அவர் சொன்னது அத்தனையும் நிஜம். பொய் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். தெரியாமல் இருந்திருந்தாலும் மன்னித்திருப்பேன். அந்தப் பஸ்ஸில் அந்த அர்த்தத்தைப் படித்துத் தெரிந்த ஒரே ஆள் அவர். வெள்ளைக்காரன் வெட்டிப் போட்டானாமே தலை, எல்லோரும் என்கிற பாதி, அந்தப் பக்கத்தில்தான் நாங்கள் இருந்தோம். அவருக்கு அது தெரியாதா?

மறுபடி

அந்தப் பஸ் பிரயாணத்துக்குப் பிறகு ஏழெட்டு வருஷம் போயிருக்கும். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுக்குப் பின்கட்டுச் சுவர் எடுத்தோம். நான் சாந்து சுமந்தேன். வீட்டுக்காரர் வேலையைப் பார்க்க வந்தார். அவர்தான். தலை நரைத்திருந்தது. கண்ணாடி அதே கண்ணாடி.

நான் தேடிப் போகவில்லை. ஊர் சின்னது.

சாயங்காலம் கொத்தனார், "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க," என்றார். ஐயா உடனே பிடித்துக்கொண்டார்.

"பஸ்ஸுன்னா என்ன அர்த்தம் தெரியுமோ உமக்கு?"

கொத்தனார் தலையைச் சொறிந்தார்.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். "அது முழு வார்த்தையே இல்லை ஓய். லத்தீன் பாஷை," என்று ஆரம்பித்தார்.

நான் சாந்துச் சட்டியைக் கீழே வைத்தேன். "எல்லாருக்கும்னு அர்த்தம்," என்றேன்.

அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. "அடேடே! பேஷ்! யாரும்மா சொல்லிக் கொடுத்தா உனக்கு?"

"நீங்கதாங்க. தொறையூர் பஸ்ஸுல."

அவருக்கு ஞாபகம் வரவில்லை. பின்கட்டு நிலைப்படியில் அவர் சம்சாரம் நின்றிருந்தார். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். கதவைப் பிடித்துக்கொண்டார்.

"கட்டுப் போட்டிருந்தாரே," என்றார். "உன் புருஷனுக்குக் கால் எப்படி இருக்கு?"

"கோணல்ங்க."

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏன்னா, அன்னிக்கு நாம எடம் விட்டிருக்கணும்."

ஐயாவுக்கு இப்போது ஞாபகம் வந்துவிட்டது. கையை ஆட்டினார். "நீ ஒண்ணு! அன்னிக்கு பஸ்ஸிலே எடம் ஏது? என்ன நெரிசல்! எள்ளு போட்டா விழாது. எனக்கு நன்னா ஞாபகம் இருக்கே. எடம் இருந்தா நானே எழுந்து சொல்லியிருக்க மாட்டேனா?"

அவர் பொய் சொல்லவில்லை. அப்படியே நம்பியிருந்தார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. துண்டை எறிந்தபோதுகூட அப்படி எரியவில்லை.

"எடம் இருந்துச்சு சாமி," என்றேன். "டோல்கேட்டுக்கு அப்புறம் மண்ணச்சநல்லூர் வரைக்கும் எனக்கு வேற வேலை இல்லை. அவர் இடுப்பைப் புடிச்சுக்கிட்டு எண்ணிக்கிட்டேதான் வந்தேன்."

"எண்ணினியா?" என்றார். வகுப்பில் பிள்ளையைக் கேட்பது மாதிரிக் கேட்டார். "சரி, சொல்லு பார்ப்போம். காலியா எத்தனை எடம் இருந்தது?"

சொன்னேன்.

பதினொன்று.